பூஜ்யம் காட்டிய வால்வு

புழுங்கல் அரிசிச் சோறு தினமும் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு, அந்த நெல்லை ஒருமுறை அவித்துக் காயவைத்த பிறகுதான் அரைக்கிறார்கள் என்பது தெரியாது. நீங்கள் விருதுநகர்ப் பக்கம் என்று வெளியே இருந்த ஏட்டு சொன்னார். அதனால் நெல் அவிப்பதிலிருந்தே தொடங்குகிறேன் மேடம். தெரிந்ததாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊறிய நெல்லை ஒரு பெரிய இரும்பு டேங்கில் கொட்டி மேல்மூடியை இறுக்குவார்கள். பாய்லரிலிருந்து ஆவி வரும். கொஞ்ச நேரத்தில் நெல்லின் வாய் லேசாகப் பிளக்கும். அப்போது ஆவியை நிறுத்தி, உள்ளே மிச்சம் இருப்பதை வெளியே விட்டு, டேங்குக்கு அடியில் உள்ள கதவைத் திறந்தால் வெந்த நெல் சரிந்து விழும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கிறது. உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்.

என் தொழில் வால்வு செய்வது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, தஞ்சாவூரில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டேன். எங்கள் தெருவில் முதலில் இன்ஜினியர் ஆனவன் நான். என் தம்பி அன்பரசனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஒரத்தநாடு தாண்டி இருக்கிற பஞ்சநதம் ஐயாவின் ரைஸ் மில்லில் அவியல் ஆளாகச் சேர்ந்தான். ஐயா வீட்டு வயலில்தான் எங்கள் அப்பா மருதையன் வேலை பார்த்தார். அதனால் அந்த வேலை கேட்காமலே கிடைத்தது.

பழைய அவியல் டேங்கில் ஆவி வால்வைச் சுற்றி நிறைய ஒட்டு வேலை இருக்கும். அழுத்தத்தைக் காட்ட ஒரு கேஜ், அதற்குப் போக ஒரு மெல்லிய வளைந்த குழாய். வால்வு மூடியிருக்கிறதா என்று சொல்ல வெளியே தகடு அடித்து ஒரு ஸ்விட்ச். மிச்ச ஆவியை விட இன்னொரு வால்வு. இவை போக, அடிக்கதவுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னக் குழாய். கதவைத் திறக்கும் முன் அதைத் திருகிப் பார்ப்பார்கள். புஸ் என்று சத்தம் வந்தால் உள்ளே ஆவி இருக்கிறது. வராவிட்டால் கதவைத் தொடலாம். எல்லா மில்லிலும் அப்படித்தான்.

கஜா புயலுக்கு அடுத்த தை மாதம் ஐயாவின் மில்லில் கேஜுக்குப் போகும் குழாயில் உப்புப் படிந்து அடைத்திருந்தது. முள் எப்போதும் பூஜ்யத்திலேயே நின்றது. சின்னக் குழாயில் உமி இறுகிப்போயிருந்தது. இரண்டையும் அன்பரசன் ஐயாவிடம் சொன்னான். பக்கத்தில் நின்று கேட்ட மில் ஆள் பக்கிரிதான் பிறகு எனக்குச் சொன்னான். ஐயாவின் பதில் இது: "லாரி நிக்கிதுடா. அடைப்ப அப்பறம் எடுத்துக்கலாம். நெல்ல எறக்கு மொதல்ல."

அன்பரசன் கதவைத் திறந்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மாசி மகம் வரைக்கும் இருந்தான்.

அவன் செத்ததற்காக நான் ஐயாவைக் குற்றம் சொல்லவில்லை. மில் என்றால் அடைக்கும், உடையும், சில சமயம் ஆள் சாவான். இதை நான் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன். ஆனால் விசாரிக்க வந்தவர்களிடம் ஐயா ஒன்று சொன்னார். ஊர்க்காரர்களிடமும் அதையே சொன்னார். "காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான். நான் என்னங்க செய்ய முடியும்."

எங்கள் அப்பா குடித்தே போனவர். அதனாலேயே அன்பரசன் சாராய வாசனை வருகிற கல்யாணப் பந்தலில்கூட உட்கார மாட்டான். ஊருக்கு இது தெரியும். ஆனாலும் ஐயா சொன்னதும் ஊர் நம்பியது. அப்பன் புத்தி என்றார்கள். அதுவும்கூடப் பரவாயில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். எங்கள் அம்மா அம்சம், விபத்துக்கு முந்தைய நாள் அவன் போட்டிருந்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டையைக் கீழே விட்டாள். பிறகு கேட்டாள், "நமக்குத் தெரியாம குடிச்சிருப்பானாடா?"

நான் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. போன ஆடியில் அம்மா இறந்தாள். அதுவரை எங்கள் வீட்டில் பேச்சு அநேகமாக இல்லை. அவளுக்கு நான் சோறு போடுவேன், அவள் சாப்பிடுவாள். சந்தேகம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது. பெற்ற பிள்ளையைப் பற்றிய கேள்வியோடு ஒருத்தி எரியப் போனாள் என்பதைத்தான் நான் ஐயாவின் கணக்கில் எழுதினேன். மற்றதை எழுதவில்லை.

இனி வால்வுக்கு வருகிறேன். அதை நான் கொலைக்காகச் செய்யவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

தம்பி போன பிறகு அந்த டேங்கை நினைத்துக்கொண்டே இருந்தேன். வெளியே ஒட்டவைத்த ஒவ்வொன்றும் ஒருநாள் அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கழன்று விழும். அப்படியென்றால் ஏன் ஒட்டவைக்க வேண்டும்? வால்வுக்குள் ஏற்கெனவே ஒரு தண்டு ஏறி இறங்குகிறது. அந்தத் தண்டிலேயே ஒரு சிறு காந்தத்தைப் பதித்து, தலைப்பகுதியில் ஒரு சென்சாரை வைத்தால், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று தண்டே சொல்லிவிடும். வெளியே தகடும் ஸ்விட்சும் வேண்டாம். ஆவி படுகிற உடம்புச் சுவரிலேயே ஓர் இடத்தை மெல்லிசாகக் கடைந்து அங்கே அழுத்த சென்சாரைப் புதைத்தால் கேஜும் குழாயும் வேண்டாம். அதே வால்வு மூடும்போது மிச்ச ஆவியைக் கூரைக்கு மேலே போகும் குழாயில் விட்டால் இரண்டாவது வால்வும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற பாகங்களையே பார்க்கவும் சொல்லவும் வைப்பதுதான் யோசனை. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இருந்தவற்றுக்குக் கண் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அது நல்ல வால்வு. தம்பி இருந்த காலத்தில் இருந்திருந்தால் அவன் இன்றைக்கும் இருப்பான். கூத்தாநல்லூரில் ஹபீப் முகம்மது பாயின் மில்லில் முதலில் மாட்டினேன். போனில் அழுத்தம், சூடு, திறப்பு எல்லாம் தெரியும்; போனிலிருந்தே தண்டை ஏற்றி இறக்கவும் முடியும். பாய் தன் மருமகனிடம் போனைக் காட்டி, "இனிமே டேங்கும் நம்மகிட்ட பேசும்டா, நீதான் பேச மாட்டேங்குற" என்றார். இரண்டு போகம் ஓடியது. ஒரு குறை இல்லை. வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள். அங்கே அடிக்கதவுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் குழாய் இன்றும் இருக்கும். அதை நான் எடுக்கவில்லை. சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கையால் திருகிக் காதால் கேட்க ஒன்று மிச்சம் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

பஞ்சநதம் ஐயா என்னைத் தானாகத்தான் கூப்பிட்டார். நான் போய் நிற்கவில்லை. பாய் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எங்கள் அப்பா அந்த வீட்டில் உட்கார்ந்ததில்லை. அதை அவர் கவனித்ததையும் நான் கவனித்தேன்.

"ஒங்க அப்பன் எங்க வயல்ல மடை மாத்துனவன். நீ ஆவிக்கே மடை போடுற," என்றார். "அன்பு இருந்தா சந்தோஷப்பட்டிருப்பான். நல்ல பய. அந்தப் பழக்கம் மட்டும் இல்லாம இருந்திருந்தா."

"ஆமாங்கய்யா," என்றேன்.

அவர் அதை என் முகத்துக்கு நேரே சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. பலமுறை சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. எங்களுக்கும் ஆகியிருக்கும் என்று நினைத்தார். வெயிலில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது என் முடிவும் வந்து சேர்ந்திருந்தது.

அவருடைய மில்லில் ஒரு வழக்கம் உண்டு. சம்பா அறுப்பு முடிந்து வரும் முதல் அவியலை முதலாளிதான் தன் கையால் இறக்குவார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படி. தவில், நாதஸ்வரம் வைத்து, கதவுக்குச் சந்தனம் பூசி, பட்டு வேட்டியோடு வந்து கைப்பிடியைத் திருப்புவார். முதலில் விழுகிற நெல்லை மரக்காலில் பிடித்துப் பிள்ளையாருக்கு வைப்பார்கள். மற்ற நாளில் ஐயா அந்தக் கதவுப் பக்கமே வர மாட்டார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் கை அதைத் தொடும். ஆகவே வேறு யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

மார்கழியில் வால்வை மாட்டினேன். கேஜை எடுத்தேன், ஸ்விட்சை எடுத்தேன், இரண்டாவது வால்வை எடுத்தேன். அதுவரை நான் செய்தது எளிமை. பிறகு சின்னக் குழாயையும் எடுத்து அந்த ஓட்டையை வெல்டு வைத்து அடைத்தேன். சேஃப்டி வால்வைத் தொடவில்லை. டேங்க் வெடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. சுற்றி நிற்பவர்களும் போய்விடுவார்கள்.

பக்கிரி அன்பரசனுக்குப் பிறகு அவியல் வேலைக்கு வந்தவன். வால்வை எட்டத்திலிருந்தே பார்ப்பான். "டேங்கத் தொட்டா சுடுது, போனு ஒண்ணுமில்லைங்குது. நான் எதண்ணே நம்புறது?" என்று கேட்டான்.

"இரும்பு சூடு ஆற நேரமாகும் பக்கிரி. போனை நம்பு," என்றேன்.

"எம் போன நம்பி எம் பொண்டாட்டியே வர்றதில்ல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐயாவின் மகள் பிரகதீஸ்வரி அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். மில்லை இனி அவள்தான் பார்ப்பதாகப் பேச்சு. வெல்டு வைத்த இடத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஒரு குழாய் இருந்துச்சே. அத ஏண்ணே எடுத்தீங்க?"

"அடைச்சுக்கிட்டே இருக்கும்மா. அடைச்ச குழாய் இருக்குறதுக்கு இல்லாம இருக்குறது நல்லது. சத்தம் வரலேன்னா ஆவி இல்லன்னு நெனச்சுருவாங்க."

அவள் வெல்டிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "அன்பு அண்ணன் குடிக்காது. எனக்குத் தெரியும். சின்னப் புள்ளையில என்னைய சைக்கிள்ல ஸ்கூலுக்குக் கொண்டுபோயி விட்டது அதுதான். அப்பாகிட்ட நான் சண்ட போட்டேன். அவரு மாத்திச் சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். மொத அவியல் அன்னிக்கி எல்லாரையும் வச்சுக்கிட்டே சொல்றேன்."

இதை என் அம்மா உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். "சரிம்மா," என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகும் என் திட்டத்தை மாற்றுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பொய் சொன்னவர் அவர். அதைத் திருத்த வந்தவள் வேறு ஆள்.

எல்லா சென்சாருக்கும் சோதனை நிலை என்று ஒன்று உண்டு. அதில் வைத்தால், உள்ளே என்ன இருந்தாலும் திரையில் பூஜ்யம் காட்டும். பட்டறையில் சரிபார்ப்பதற்காக வைத்திருப்பது. தை மாதம் அந்த நாள் காலை, முதல் டேங்க் வெந்து முடிந்ததும் அதைப் போட்டேன். தண்டையும் பாதி வழியில் நிறுத்தினேன். கூரைக்கு மேலே கொஞ்சம் ஆவி போயிற்று. பார்த்தவர்களுக்கு அது போதும். உள்ளே மிச்சம் இருந்த சீறல் தவில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. எல்லோருடைய போனிலும் ஒரே செய்தி: வால்வு மூடியது, அழுத்தம் பூஜ்யம்.

ஐயா பட்டு வேட்டியில் வந்தார். கற்பூரம் ஏற்றினார்கள். அவர் மகளோடு கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்று, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இந்த வருஷம் பாப்பாதான் தெறக்கும். மில்லு இனிமே அதோடது."

என்னிடம் நேரம் இருந்தது. கற்பூரம் எரிந்து முடிகிற அளவுக்கு இருந்தது. ஒரு விரலால் போனைத் தொட்டால் தண்டு இறங்கி, மிச்ச ஆவி கூரைக்கு மேலே போயிருக்கும். நீங்கள் இதைத்தான் கேட்கப் போகிறீர்கள், அதனால் நானே சொல்கிறேன். நான் யோசித்தேன். பதற்றமில்லாமல் யோசித்தேன். அவர் திறந்தால் அவருக்கு வலிக்கும், சில நாளில் அதுவும் முடிந்துவிடும். எங்கள் அம்மாவுக்கு அப்படி முடியவில்லையே. உயிரோடு உட்கார்ந்து, பிள்ளையின் துணியை வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் நாங்கள் வாங்கியது. அதற்குச் சமமாக ஒன்று இருக்கிறதென்றால், அது அந்த நிமிஷம் தானாகவே என் முன்னால் வந்து நின்றது. போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். அவள் கைப்பிடியைத் திருப்பினாள். தவில்காரர் கடைசியில்தான் நிறுத்தினார், அவர் கண்ணை மூடி வாசிக்கிறவர். நேற்று ஆஸ்பத்திரியில் அவள் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கிற பக்கிரியை விட்டுவிடுங்கள். அதற்காக நான் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வந்த காரணம் வேறு. பெற்ற மகள் உள்ளே வெந்து கிடக்கும்போது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஐயா உங்களிடம் என்ன சொன்னார் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பக்கிரி காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான், வால்வைச் சரியாக மூடவில்லை என்றாராம். அதே வாக்கியம். அவருக்கு எதுவுமே புரியவில்லை மேடம். இது ஏன் நடந்தது என்று தெரியாமலே அவர் அழுதால், அது வெறும் விபத்து. எல்லோருக்கும் நடப்பதுபோல அவருக்கும் நடந்தது என்று நான்கு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். அதை என்னால் பொறுக்க முடியாது. நான் சொன்னதை எழுதி முடித்ததும் அவரை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். சட்டை விஷயத்தையும் விடாமல் படியுங்கள். அதற்குப் பிறகு என்னை என்ன செய்தாலும் சம்மதம்.

வால்வின் மேல் பழி போட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். அது பழுதாகவில்லை. சொன்னதைச் செய்தது. திரை பூஜ்யம் காட்டியது, அந்தப் பெண் திரையை நம்பினாள். நான் அவளை எதுவும் செய்யவில்லை. அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

அந்தப் பேப்பரை எதற்கு எடுக்கிறீர்கள் மேடம்? பக்கிரியின் வாக்குமூலமா? அவன் சொன்னதை நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். குடிகாரன் என்று பெயர் வாங்கிய பிறகு யார் நம்புவார்கள்.

அவளுடைய போன் ஆபீஸ் ரூமில் சார்ஜில் கிடந்தது என்கிறீர்கள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஆமாம். பக்கிரி சொன்னது சரிதான். அவன் டேங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாப்பா, செத்த பொறுக்கலாம், இன்னும் உறுமுற மாரி இருக்கு" என்றான். அவள் கையை எடுத்துவிட்டாள். பக்கிரி தன் போனை நீட்டினான், அதில் பூஜ்யம் இருந்தது. அவள் அதை வாங்கவில்லை. எந்தத் திரையையும் அவள் பார்க்கவில்லை. கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினாள். கண்டுபிடித்ததும் முகம் தெளிந்தது.

"அண்ணே, தெறக்கலாமா?"

"தெறங்கம்மா," என்றேன்.